நாரை கேட்ட கேள்வி

நகரத்து ஏரியில் சேர்ந்த சாக்கடையைத் தின்ன, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நுண்ணுயிர்களைக் கொட்டுவதென்று பறவைகளின் சபை முடிவு செய்தது. "ஏரியில் குடியிருப்பவர்களைக் கேட்டீர்களா?" என்றது ஆராய்ச்சி செய்யும் நாரை. யாரும் கேட்டிருக்கவில்லை. நாரையே கரைக்கு வந்தது.

"என் தம்பியை விழுங்கினவன்தானே நீ?" என்றது கிழத் தவளை.

"ஆமாண்ணே. இன்னைக்குக் கேக்கத்தான் வந்தேன். அழுக்கைத் தின்னுற நுண்ணுயிரை ஏரியில விடப்போறாங்க. எங்கே கொட்டக் கூடாது?"

அதுவரை தவளையிடம் யாரும் யோசனை கேட்டதில்லை.

"கோரை மூலையில எங்க முட்டை கிடக்கு. அழுக்கோட அதையும் தின்னுட்டா?"

நாரை சபையில் வாதாடி, அந்த மூலையை விட்டுவிடச் செய்தது. ஏரி தெளிந்தது. முட்டைகளும் பொரிந்தன.

தவளை நாரைக்குச் சொல்லியனுப்பியது: "நல்லா இருப்பே. பிள்ளைகளை வந்து பாரு. அக்கரையில நின்னு பாரு."