கைக்குள் என்ன?

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாள் விழா அமர்க்களப்பட்டது. வெளியே நண்பன் குகானந்தனின் காரருகே நின்ற நகுலேசன், கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்த்துவிட்டான். அவன் மனைவி வாசுகி, நீலச் சட்டை இளைஞன் ஒருவனின் உள்ளங்கையில் எதையோ வைத்து அழுத்தினாள்.

நகுலேசனுக்குப் பற்றி எரிந்தது.

"ஆரடா உந்த நீலச் சேட்டு?"

"தெரியாது மச்சான். போன பார்ட்டியிலையும் நிண்டவன். பொம்பிளையளோடதான் கதை."

போன பார்ட்டியிலுமா! விறுவிறுவென்று உள்ளே போனான்.

"வெளிக்கிடு, வீட்டை போவம்!"

"ஏனப்பா, இன்னும் கேக்கே வெட்டேல்லை."

"உவனிட்டை என்ன குடுத்தனீ?"

வாசுகி நீலச் சட்டைக்காரனைப் பார்த்துக் கையசைத்தாள்.

"வா, வீட்டிலை கேக்கிறன்!" கதிரையில் தொங்கிய தன் கோட்டுக்குள் கார்ச் சாவியைத் தேடினான். காணோம்.

நீலச் சட்டைக்காரன் வந்து கையை விரித்தான். நகுலேசனின் சாவியோடு இன்னும் சில கார்ச் சாவிகள் கிடந்தன.

"குடிச்ச ஆக்களை நாங்கள் பொடியள் சேர்ந்து வீட்டை கொண்டுபோய் விடுறனாங்கள், அங்கிள். சாவியை அன்ரிமார் எடுத்துத் தருவினம்."

நகுலேசன் தன் கையைப் பார்த்தான். குகானந்தன் கார் டிக்கியில் ஊற்றிக்கொடுத்த நாலாவது விஸ்கி, பிளாஸ்டிக் கோப்பையில் தளும்பியது.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?" வாசுகியிடம் கேட்டவனின் குரல் இறங்கிவிட்டது.

"கேட்டால் தருவீங்களே? போனமுறை நீங்கள் குடிச்சிட்டுக் கார் ஓடேக்கை, பிள்ளையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு, வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு வந்தனான். இண்டைக்குத் திறந்துகொண்டு வரப்போறன்."