மூன்று நட்சத்திரம்

மேனேஜர் டேப்லெட்டை மேசைமேல் திருப்பி வைத்தார்.

திரையில் தலைக்கவசம் போட்ட பொம்மை ஒன்று குதித்துக் கும்மாளமடித்தது. அதற்கு இரண்டு கையும் நன்றாக இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த, தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆபரேட்டருக்கு இடது கை மட்டும்தான் முழுசு. வலது கைக்கட்டு குழந்தைத் தலையணை அளவுக்கு இருந்தது. உள்ளே கட்டைவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் இல்லை.

சூப்பர்வைசர் ஓரமாக நின்றார். ஆபரேட்டர் அவருடைய தங்கை புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

டேப்லெட்டில் இருந்தது பாதுகாப்புப் பயிற்சி விளையாட்டு. தகடு சிக்கினால் முதலில் மெஷினை நிறுத்தவேண்டும், அப்புறம்தான் கை வைக்கவேண்டும். தப்புப் பண்ணினால் பொம்மையின் கை பறந்துபோகும். 'மறுபடி முயற்சி செய்க' என்று எழுத்து வரும். உடனே புதுக் கை முளைத்துவிடும். உருவாக்கியவர்கள் இளகிய மனசுக்காரர்கள்.

ஆபரேட்டர் பெயருக்கு நேராக நூற்றுக்கு நூறு. மூன்று நட்சத்திரம்.

"எல்லாம் தெரிஞ்சும் கைய விட்டிருக்கே. அப்ப இது உன் கவனக்குறைவு, நஷ்டஈடு கிடையாது. விளையாடினது நீதானே?" என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் மச்சானைப் பார்த்தான். மச்சான் சுவரில் தொங்கிய தீயணைப்பு சிலிண்டரின் காலாவதித் தேதியை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சார். மச்சான்கூட பக்கத்துலதான் இருந்தாரு."

பயிற்சியை ஆபரேட்டரே முடித்ததாக எழுதிய தாளை மேனேஜர் சாட்சிக் கையெழுத்துக்கு நீட்டினார். சூப்பர்வைசர் பேனாவை வாங்கினார்.

போன மாதம், பயிற்சிக்காக மெஷின் நின்றால் உற்பத்தி படுத்துவிடும் என்று, முப்பத்திரண்டு பேர் விளையாட்டையும் ஒரே மதியத்தில் அவர் ஒருவரே ஆடி முடித்திருந்தார். மேலிடத்துக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

ஆடி முடித்த அன்று சாயங்காலம் கட்டைவிரல் வீங்கிப்போய்த் தங்கை வீட்டில்தான் போய் உட்கார்ந்தார். தங்கை தைலம் தேய்த்துவிட்டாள். ஆபரேட்டர் பக்கத்தில் நின்று கேலி பண்ணினான்.

"எங்களுக்காக விரலையே குடுத்துட்டீங்களே மச்சான்!"

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டார்.

விரல் கொஞ்சம்கூட வலிக்கவில்லை.