சிவப்புப் புள்ளி

என் காரின் இடது ஹெட்லைட் எரியவில்லை. பல்பைக் கழற்றினேன். விளிம்பில் எச்-4 என்ற எண், பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மனைவியின் காருக்கும் அதே எண்தான். கடைக்குப் போகச் சோம்பல். சத்தமில்லாமல் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டேன்.

மறுநாள் அவள் அழுதுகொண்டே வந்தாள்.

"ஒத்தைக் கண்ணு வண்டின்னு போலீஸ்காரர் எல்லார் முன்னாடியும் திட்டிட்டாருங்க. நல்லா எரிஞ்ச பல்பு, எப்படிப் போச்சுன்னே தெரியல."

ஓடிப்போய்ப் புது பல்பு வாங்கி வந்தேன்.

"மன்னிச்சிடும்மா. உன் வண்டியில இருக்கிறது என்னோட பியூஸ் போன பல்பு."

கழற்றிக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது என்னோடதுதாங்க. முந்தாநாள் நான்தான் உங்க வண்டியில மாட்டினேன். எது எதுன்னு குழம்பிடக் கூடாதுன்னு வெச்ச நெயில் பாலிஷ்தான் இந்தப் புள்ளி."