துளையிட்ட வெள்ளிக்காசு

கல்முனையில் பழங்காசுகளைப் பார்த்துக் காலம் சொல்லத் தெரிந்தவர் றஸ்மி. தம்பிலுவிலிலிருந்து வந்த வல்லியம்மை, கறுத்துப்போன காசொன்றை அவருடைய மேசையில் வைத்தாள்.

"இது வெள்ளைக்காரன் காலத்துக் காசுதானே தம்பி?"

றஸ்மி அதை மெல்லத் துடைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இல்ல அக்கா, ரோமாபுரி வெள்ளிக்காசு. இந்தா அரசன்ட தலை, சுத்திவர லத்தீன் எழுத்து. அல்லாஹ்வே, இந்தக் கரையில இப்பிடியொண்ட நான் கண்டதேயில்ல!"

"வடிவாப் பாருங்க. போலியாவும் இருக்கலாம்தானே?" வல்லியம்மை கெஞ்சினாள்.

"போலியில்ல. ஆரோ ஓட்டை போட்டிருக்காங்க, அதுதான் குறை. சந்தோசப்படுங்க அக்கா!"

அவள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஓட்டை போட்டது என்ட புருசன். அவர்ட வலையில வந்த காசு. எங்கட ஊருப் பிள்ளைகள் அரைஞாண்ல வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாதான் கட்டியிருந்தாங்க. என்ட மகனுக்கு மட்டும்தான் ரோமாபுரிக் காசு. அவனச் சுனாமி கொண்டுபோயிற்று. உடம்பு கிடைக்கல்ல. எங்கயோ ஆரோ வளக்கிறாங்க எண்டுதான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தன்."

றஸ்மியின் குரல் தாழ்ந்தது. "இந்தக் காசு எங்க கிடைச்ச?"

"கடற்கரையில கிணறு தோண்டக்குள்ள. ஒரு சின்னப் பிள்ளைட எலும்போட."

தன்னோடு வந்து வாசலில் காத்து நின்ற பொலிஸ்காரரிடம் அவள் திரும்பினாள்.

"ஓம் ஐயா, எழுதுங்க. அது என்ட துலக்சன்தான்."