வராதவன் வீட்டில் கூட்டம்

"இது நாலாவது தபா, ஜெயவேலு! இன்னிக்கி ஒம் பேர நோட்டுலேர்ந்து அடிச்சிட்டுத்தான் படியெறங்கப் போறேன்."

கதவு திறந்ததும் திறக்காததுமாகச் சில்வியா பொரிந்து தள்ளினாள். அவளுக்குப் பின்னால், திருவொற்றியூர் ஹவுசிங் போர்டு மாடிப்படி முழுக்க, வேதப் புத்தகமும் கிடாருமாக இருபத்தெட்டுப் பேர் நின்றார்கள்.

"உள்ள வாங்கக்கா. எல்லாரும் வாங்க," என்றான் ஜெயவேல். முகத்தில் வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. சரியான கல்லுளிமங்கன்!

ஐந்து வருடத்துக்கு முன்னால் சபையின் வாலிபர் ஐக்கியத்தைச் சில்வியாவின் கையில் கொடுத்தபோது, சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வந்தது நாலே பேர். அதில் ஒருவன் அவளுடைய தம்பி. துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நாளெல்லாம் மாரடித்துவிட்டு வந்து, பாட்டு, வேத வினா, கால்பந்து என்று ஒரு வாரம்கூடத் தவறாமல் நடத்திக்காட்டினாள் அந்தப் பெண். இன்றைக்கு நோட்டில் இடமில்லை.

எல்லாம் அவள் போட்ட ஒரு சட்டத்தால். தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை எவன் வரவில்லையோ, மூன்றாவது சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் அவன் வீட்டில்தான். ஒருமுறை அந்த மானக்கேட்டை அனுபவித்தவன் அப்புறம் காய்ச்சலோடுகூட ஓடி வந்துவிடுவான். ஜெயவேலைத் தவிர.

அவன் சபைக் குடும்பத்துப் பையன் இல்லை. கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன். கால்பந்து ஆட வந்து அப்படியே ஒட்டிக்கொண்டவன். இரண்டு மாதம் ஒழுங்காக வருவான், திடீரென்று இரண்டு வாரம் டிமிக்கி கொடுப்பான்.

வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் ராசையா உட்கார்ந்தார். சபைக் கமிட்டி மெம்பர், இரும்புக்கடை முதலாளி. பேரை அடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவது என்று கடையை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"அடிச்சிரும்மா. ஒருத்தன இப்பிடி விட்டா மத்த பிள்ளையளும் கெட்டுப்போவும்லா."

"ஐயா, அடுத்த மாசம் ஒம்போது சபை ஆடற மேட்ச்சு," என்று கெஞ்சினாள் கிடார் வைத்திருந்த மகிழினி. "பேர அடிச்சிட்டா கோலுக்கு யாரு நிப்பாங்க?"

சில்வியா நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றியவளுக்குக் கை ஓடவில்லை.

"ஓவர்டைமா? ஒடம்புக்கு முடியலியா? வாயத் தொறந்து ஒரு காரணம் சொல்லித் தொலையேன்டா! ஒம் பேர அடிக்க எனக்கு மட்டும் ஆசையா?"

"காரணம்லாம் ஒண்ணும் இல்லக்கா. வரல, அவ்ளோதான். அடிச்சிக்கோங்க. ஆனா கூட்டத்த முடிச்சிட்டு அடிங்க."

"கொழுப்பப் பாத்தியாம்மா!" என்றார் ராசையா.

கூட்டம் ஆரம்பித்தது. மகிழினி மூடியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஒங்கப்பா நைட் ஷிப்டு முடிச்சிட்டுத் தூங்குவாருன்னியே?"

"அத்த வுடு. நீ சத்தமாவே பாடு."

பாடினார்கள். அந்தச் சின்ன முன்னறையில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு, கைதட்டி, தப்பாகப் பாடினவனைக் கிண்டலடித்து, கீழே தெருவில் போன டிரெய்லர் லாரி ஹாரனையும் தோற்கடித்துப் பாடினார்கள். நாற்காலியில் இருந்த ராசையாவின் காலும் அவரைக் கேட்காமலே தாளம் போட்டது.

அடுத்து வேத வினா.

"நோவாவோட பேழை எந்த மலமேல போய் நின்னுது?" என்று கேட்டாள் சில்வியா.

"சீனாய்!" என்றான் ஒருவன். "சீயோன்!" என்றான் இன்னொருவன்.

"அட பாவிங்களா! போன தபா இதே வூட்டுல கேட்டது. அதுக்குள்ள மறந்துபூட்டீங்களா?"

"அரராத்து!"

கரகரத்த ஆண்குரல். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின.

சில்வியா ஜெயவேலைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கல்லாக இருந்தவனின் கண்கள் கலங்கியிருந்தன.

"அப்பா தூங்கலியாடா?"

"தூக்கம் ஏதுக்கா அவருக்கு?" அவன் அவள் காதருகே குனிந்து சொன்னான். "லோடு சரிஞ்சி முதுகெலும்பு போய் மூணு வருசமா படுத்துகினுதான் கீறாரு. ஐயோ பாவம்னு எவனும் சொல்லக்கூடாதுன்னு ஒருத்தரயும் உள்ள வுட மாட்டாரு. செவுத்தப் பாத்தே கெடந்தவரு, மொத தபா நீங்கல்லாம் என்னியத் திட்ட வந்து பாடிட்டுப் போனீங்கள்ல, அன்னிக்கி கட்டில இந்தக் கதவுப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாரு."

"இத்த மொதல்லியே சொல்லிக்கீறதுதானேடா, படுபாவி!" என்றாள் சில்வியா.

"சொன்னா பழத்த வாங்கிகினு பாக்க வருவீங்க. அஞ்சே நிமிசத்துல ஜெபம் பண்ணிட்டு பூடுவீங்க. அவருக்கு இந்த ரெண்டு மணி நேரமும் வோணும்க்கா. நான் ஒழுங்கா வந்துகினு இருந்தா கூட்டம் சர்ச்சுல இல்ல நடக்கும்? நான் வராம இருந்தாதானே எங்கப்பாகிட்ட வருது!"