முக்காலியும் மீட்டர் கோலும்

1979 பிப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறே முக்கால் மணிக்கு, வெண்ணந்தூருக்கு அருகே செங்கோட்டையன் என்ற விவசாயியின் மானாவாரிக் காட்டுக்குள் இரண்டு பேர் அனுமதி கேட்காமல் நுழைந்தார்கள்.

ஒருவன் நான்.

கிளுவை வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது. நான் நுழைந்துவிட்டேன். என் பேண்ட் முழுதாக நுழையவில்லை.

இன்னொருவர் குழந்தைவேல். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாங்கள் இருவரும் புகைப்படக் கலைஞர்கள்.

உழுது போட்ட செம்மண், நடுவில் ஒற்றைப் பனை, பின்னால் அலவாய்மலை. முந்தைய வாரம் ராசிபுரம் பஸ்ஸின் ஜன்னல் வழியாக இதைப் பார்த்து வைத்திருந்தேன். நிலம் யாருடையது என்று விசாரிக்கத் தோன்றவில்லை. கண்ணுக்கு அழகாக இருப்பது எல்லோருக்கும் பொது என்பது எங்கள் கட்சி. எங்கள் சொந்த வீட்டு மல்லிகைக்கு அது பொருந்தாது.

முக்காலியை விரித்துக் கேமராவைப் பொருத்தினேன். மேலிருந்து குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. லென்சில் போட்டிருக்கும் தூரக் கணக்கில் குழந்தைவேலுக்கு நம்பிக்கை கிடையாது. கடையில் துணி அளக்கிற இரும்பு மீட்டர் கோலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைத் தரையில் புரட்டிப் புரட்டிப் போட்டபடி பனையை நோக்கிப் போனார்.

"ஏழு... எட்டு... ஒம்பது, எழுதிக்குங்க!" என்று கத்தினார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன். நிமிர்ந்தபோது எதிரே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. திட்டு வாங்கத் தயாரானேன். இப்படிப்பட்ட நேரங்களுக்கென்று ஒரு மன்னிப்பு வாசகம் வைத்திருந்தேன். நிறையப் பயன்பட்டது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாங்க சாமி. பாவாயி, மோர் கொண்டா."

கிராமத்தில் கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்துபோனேன். பாதிச் சொம்பு மோர் வரைக்கும் அந்த நெகிழ்ச்சி இருந்தது.

"ஏனுங்க, எங்க காடு மட்டுந்தான் போவுதுங்களா, பக்கத்துல செல்லமுத்து காடும் சேர்ந்துங்களா?" என்று கேட்டார் செங்கோட்டையன்.

ஏதோ ஆலை கட்ட அரசாங்கம் அந்தப் பக்கத்தில் நிலம் எடுக்கப் போவதாக அப்போது ஒரு பேச்சு இருந்தது. டீக்கடையில் பிறந்து டீக்கடையில் வளர்ந்த பேச்சு. முக்காலி, இரும்புக் கோல், நோட்டு, கிழிந்திருந்தாலும் பேண்ட். எங்களை யாரென்று நினைத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நாலு ஏக்கராதானுங்க சாமி இருக்குது," என்றார் பாவாயி. "இதையும் அளந்துட்டீங்கன்னா நாங்க எங்கீங்க போறது?"

நாங்கள் படம் எடுக்க வந்தவர்கள் என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் சொன்ன உடனே துண்டு தோளுக்கு ஏறிவிடும், நாங்கள் வேலிக்கு வெளியே போய்விடுவோம். வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடத்தில் செம்மண்ணின் நிறம் வெளுத்துவிடும்.

"அதெல்லாம் மேலே முடிவு பண்ணுவாங்க," என்றேன். "நீங்க அந்தப் பனைமரத்துக்கிட்டப் போய் நில்லுங்க."

அரசாங்கத்தின் குரல் எனக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று அதுவரை தெரியாது.

போய் நின்றார். கேமராவைப் பார்க்கவில்லை. தன் நிலத்தைப் பார்த்தார். அப்படி நிற்க யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பன்னிரண்டையும் எடுத்துத் தீர்த்தேன்.

"சொல்லியிருக்கலாமுங்க," என்றார் குழந்தைவேல். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த பிறகு.

அகராதியைப் புரட்டிப் படத்துக்கு 'நிலமுடையான்' என்று பெயர் வைத்து ஒரு போட்டிக்கு அனுப்பினேன். ஆறுதல் பரிசு கிடைத்தது. ஒரு பிரதியைச் செங்கோட்டையனிடம் கொடுத்து, உண்மையையும் சொல்லிவிடலாம் என்று ஆகஸ்டில் போனோம். இந்த முறை வேலியைச் சுற்றி, படலைத் திறந்து, முறையாக உள்ளே போனோம்.

காட்டில் கடலைச் செடி நின்றது. பனையடியில் வேறு ஒருவர் இருந்தார். பக்கத்துக் காட்டுச் செல்லமுத்து.

"செங்கோட்டையண்ணனா? நீங்க வந்துட்டுப் போன மறு மாசமே காட்டை எனக்குக் கிரயம் பண்ணிட்டாருங்க. அரசாங்கம் எடுத்தா ஒண்ணும் தேறாதுன்னு பயம். என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்னு வாங்கிக்கிட்டேன். இப்ப ரெண்டு பேரும் குமாரபாளையத்துல இருக்காங்க. அவரு ஒரு தறிப் பட்டறையில வாச்மேன்."

"நாங்க அளக்க வந்தவங்க இல்லீங்க," என்றேன், ஆறு மாதம் தாமதமாக. "படம் எடுக்க வந்தோம்."

செல்லமுத்து சிரித்தார்.

"அது எனக்கு அன்னைக்கு எங்க காட்டுல நின்னு பாத்தப்பவே தெரியுமுங்க. எம்பட புள்ள கல்யாணத்துக்கு இதே மாதிரி பெட்டியிலதானுங்க படம் புடிச்சாங்க."

பிறகு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிவிட்டு, பனையை ஒட்டி நேராக நின்றார்.

குழந்தைவேல் கோலைப் போட்டு அளந்தார். நான் ஒரு படம் எடுத்தேன்.

அந்தப் பக்கத்தில் அரசாங்கம் நிலம் எதுவும் எடுக்கவில்லை.