ஐந்து போர்டுகள்

அன்று மழை பெய்துகொண்டிருந்ததா, அப்போதுதான் விட்டிருந்ததா என்பதில் சந்தேகம் உண்டு. வக்கீலைப் பார்க்க வந்த நூரோவா கடைசிவரை உட்காரவே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

"கதவைச் சாத்து தம்பி. என் வாழ்க்கையே இதுக்குள்ளதான் இருக்கு." சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வக்கீல் தெயாரிகி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். ஆக்லாந்தில் சட்டம் படித்துவிட்டு, தன் தீவான ராரோதோங்காவுக்குத் திரும்பி, போர்டு மாட்டி இரண்டு மாதம் ஆகிறது. அதுவரை வந்ததெல்லாம் அண்ணன் தம்பி நிலத் தகராறு. வியாபாரப் பெயர், செய்முறை உரிமை என்று அவன் படித்த படிப்பைத் தேடி வந்த முதல் ஆள் இவர்தான்.

தேங்காயெண்ணெயில் தியாரே பூவை ஊறவைத்த எண்ணெய் அது. 'இரவுப்பூ' என்று பெயர். சனிக்கிழமைச் சந்தையில் விடிந்து சற்று நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். இப்போது ஆக்லாந்துக் கம்பெனி ஒன்று பெயரையும் செய்முறையையும் சேர்த்து விலைக்குக் கேட்கிறது.

"கூட்டாளி அகாயித்தி எல்லாம் தன்னுதுங்கறா. வர்ற வெள்ளிக்கிழமை கோர்ட்ல விசாரணை. தோத்தா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது."

"பூவை எப்பண்ணே பறிப்பீங்க? எவ்வளவு நாள் ஊறணும்? செய்முறை உங்களுதுன்னு காட்ட அதெல்லாம் தேவைப்படும்."

"பூன்னா பூதான். செடியில இருக்கும், பறிப்போம்." நூரோவா ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். தெயாரிகி வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தனக்குப் பாதகமானதைக்கூட ஒளிக்கவில்லை. ஆரம்பத்தில் எண்ணெய் காய்ச்சியது அகாயித்திதான் என்றும், லேபிள் அடித்துக் கடைகளுக்குக் கொண்டுபோனதுதான் தன் வேலை என்றும் ஒத்துக்கொண்டார். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவரை அவன் இந்த இரண்டு மாதத்தில் பார்த்ததில்லை.

"இதெல்லாம் வெளிய போகாதே?"

"போகாதுண்ணே."

"அகாயித்தியே வந்து கெஞ்சினா? அவளுக்காக நீ கோர்ட்ல நிக்க மாட்டியே?"

"நிக்கவே முடியாது. நீங்க இவ்வளவு சொன்னதுக்கப்புறம் அவங்க பக்கம் நின்னா என் தொழிலே போயிரும்."

அதைக் கேட்டதும் நூரோவா முதல்முறையாக மூச்சை நன்றாக இழுத்து விட்டார். பாவம், எவ்வளவு பயந்திருக்கிறார் என்று தெயாரிகி நினைத்துக்கொண்டான்.

"அப்ப வக்காலத்துல ஒரு கையெழுத்து..."

"அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. பஸ் வந்துரும்."

பஸ் வந்துவிடும் என்றவர் ஸ்கூட்டரில் ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். வாழ்க்கையே இருப்பதாகச் சொன்ன புட்டி மேஜைமேலேயே கிடந்தது. என்னவோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை.

சாப்பாட்டு நேரம் தாண்டி ஒரு பெண் வந்தார். தலையில் பூ வளையம். தோளில் தொங்கிய பையில் விமானத்தில் கட்டிய சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"அகாயித்தி விஷயமா வந்திருக்கேன் தம்பி."

தெயாரிகி விருட்டென்று எழுந்தான். "அக்கா, அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க. நான் கேக்கக் கூடாது."

"நான் சொல்ல வந்ததே..."

"வேண்டாம்க்கா, தயவுசெஞ்சு."

"உக்காரவாவது செய்யலாமா?"

"உக்காருங்க. பேசாதீங்க."

"நல்லாருக்கு! ஐத்துத்தாக்கித் தீவுலேருந்து பிளேன் பிடிச்சு வந்தது வாயை மூடிட்டு உக்காரவா?"

உட்கார்ந்தவரின் பார்வை புட்டியில் விழுந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"இங்கயும் வந்துட்டுப் போயிருக்கான்." புட்டியை விரலால் மெல்லச் சுழற்றினார். "இதோட அஞ்சாவது மேஜை. மத்த நாலு வக்கீல் மேஜையிலயும் இதே புட்டிதான்."

தெயாரிகிக்கு அப்போதுதான் பிடிபட்டது. ராரோதோங்காவில் வக்கீல் போர்டுகள் மொத்தமே ஐந்து. அவனுடையதுதான் ஐந்தாவது. ஒவ்வொரு வாசலாக ஏறி, ஒவ்வொருவர் காதிலும் தன் ரகசியத்தைப் போட்டு, ஒவ்வொருவர் வாயையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் நூரோவா. வெள்ளிக்கிழமை அகாயித்திக்காகப் பேச இந்தத் தீவில் யாரும் இல்லை.

அந்த மனிதர் இங்கே வந்தார் என்றுகூட அவன் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஆறிப்போன தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிருங்கக்கா. உங்க தரப்புக்கு ஒரு வக்கீல்கூட மிச்சமில்லாம..."

அவர் சிரித்துவிட்டார். "ராரோதோங்காக்காரங்களே இப்படித்தாம்ப்பா. வெளித் தீவுலயும் மனுஷங்க இருக்காங்கன்னு ஞாபகமே வராது."

பையைத் திறந்து, கோர்ட் முத்திரை குத்திய ஒரு காகிதக் கட்டை எடுத்து அவன் முன்னால் நீட்டினார்.

"அகாயித்திக்கு வக்கீல் நான்தான். அஞ்சு பேருமே அவன் வக்கீல்னா, எதிர்த்தரப்புக்கான நகலை நான் யார்கிட்ட குடுக்கறது தம்பி?"